பென்ஷன் ஆபீசில் கங்கையம்மாள் கேட்டது

— குன்றத்தூர் கோயிலுக்குன்னு சொல்லிட்டுதானே காலைல கிளம்புனீங்க அத்தே? பார்க் ஸ்டேஷன்ல உங்களைப் பார்த்தேன்னு பக்கத்து வீட்டு பியூலாக்கா சொல்றாங்க.

— பாத்தா பாத்துட்டுப் போவட்டும். ஒரு சொம்பு தண்ணி குடு தனம். தாம்பரம் வரிக்கும் நின்னுகினே வந்தேன், காலு கயண்டு பூட்ச்சி.

— இந்தாங்க. அங்க பக்கத்துல இருக்குற ரயில்வே பென்ஷன் ஆபீசுக்கா போனீங்க?

— ஆமா.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா? உங்க பிள்ளை தவறிப் போனதுலேருந்து அந்தப் பென்ஷனை நான் தனியாவா தின்னேன்? வீட்டு வாடகை, பையன் துளசிக்கு ஸ்கூலு, உங்க கண்ணு ஆபரேஷன்...

— யார்மே இல்லைன்னா? ரயில் ஷெட்டுல என் புள்ள ஒயச்சது. பொண்டாட்டி நீதான் வாங்கணும்.

— அப்புறம் அங்க என்னதான் கேட்டீங்க?

— மருமவ மறுபடி கட்டிக்கினா பென்ஷன் இன்னா ஆவும்னு கேட்டேன்.

— அத்தே!

— கத்தாத. புள்ள வாசல்ல ஆடிகினு கீறான்.

— யாரு உங்க காதுல ஓதுனது? பென்ஷனை நிறுத்தி என்னை வெளியே அனுப்பப் பாக்குறீங்களா?

— அட, முழுசா கேளு. அங்க ஒரு அம்மா நல்லா பொறுமையா சொல்லிச்சி. கட்டிக்கினா உனுக்கு நின்னுபூடுமாம்.

— அதான் எனக்கே தெரியுமே!

— உனுக்குத் தெரிஞ்சது பாதி. நின்னுட்டு, துளசி பேருக்கு மாறிடுமாம். அவன் தலையெடுக்குற வரிக்கும் வருமாம்.

— நிஜமாவா? துளசிக்குக் கிடைக்குமா?

— திருப்பித் திருப்பிக் கேட்டேன். அதேதான் சொல்லிச்சி. ஏம்மே அழுவுற?

— பிள்ளை சோத்துல மண்ணைப் போட்டுடுவோமோன்னுதான் நான் அவர்கிட்ட...

— தெரியும்.

— என்ன தெரியும்?

— அந்த மெக்கானிக்கு சம்பத்து உன்னையே கட்டிப்பேன்னு நிக்கிறதும் தெரியும், பென்ஷன் பூடும்னு பயந்து நீ முடியாதுன்னதும் தெரியும். கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினேன் இல்ல, எல்லாம் நல்லாத் தெரியுது.

— அப்பாடா... ஆனா வேணாம் அத்தே. உங்களை யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?

— அதையும் பேசிட்டேன். வர்ற வழில சானடோரியம் ஸ்டேஷன்ல எறங்கி அவன் பட்டறைக்குப் போனேன்.

— ஐயோ! என்ன சொன்னீங்க?

— "மாமியாரையும் சேத்துதான் தருவேன், இஷ்டமா"ன்னேன். "எப்ப வர்றீங்கம்மா"ன்னான்.