அண்ணனுக்கு எடுத்த விரிப்பு

படுக்கை விரிப்பு வாங்க வருகிறவர்கள் செய்கிற முதல் தவறு, அதைக் கண்ணால் பார்ப்பது. பூவையும் கொடியையும் பார்த்து மயங்கிவிடுவார்கள். துணியைக் கையால்தான் பார்க்க வேண்டும். ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்தால் பருத்தி லேசாகப் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பருத்தி குடித்துவிடும். மற்றது முத்து மாதிரி மேலேயே நிறுத்திவைக்கும்.

முப்பத்தோரு வருடம் ஜவுளிக்கடையில் அந்தப் பிரிவில் நின்றவன் நான். பெட்ஷீட்காரர் என்றால்தான் கடையில் என்னைத் தெரியும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுக்கும்படி வக்கீல் சொல்கிறார். அதில் எனக்குச் சம்மதமில்லை. தொழில் தெரியாதவன் என்ற பெயரை இந்த வயதில் வாங்க வேண்டுமா?

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. அவன் பேருந்து ஓட்டுநர், நல்ல ஆகிருதி. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. எந்தச் சொல்லானாலும் முதல் எழுத்து மட்டும் வரும், மிச்சம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

அண்ணி கடைக்கு வந்தார்கள். என்னைவிட நான்கு வயது சின்னவர்கள். ஆனாலும் அண்ணன் மனைவி அண்ணிதான், நான் தம்பிதான்.

"தம்பி, நல்ல காட்டன் பெட்ஷீட்தான் விரிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். முதுகுல புண்ணு வந்தா ஆளையே கொண்டுபோயிடுமாம். எனக்கு என்ன தெரியும், நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க."

பின்னால் இருந்த அடுக்கிலிருந்து ஆறு விரிப்புகள் எடுத்தேன். விடுதிக்காரர்கள் மொத்தமாக வாங்குகிற பாலியஸ்டர் சரக்கு. கஞ்சி ஏற்றியிருப்பதால் முதலில் பருத்தி மாதிரியே இருக்கும். இரண்டு துவைப்பில் சாயம் வெளுத்துவிடும், அதாவது குணம் தெரிந்துவிடும். வியர்வையை உறிஞ்சாது. உடம்புச் சூட்டை வெளியே விடாது.

"கசங்கவே கசங்காது அண்ணி. துவைச்சுப் போட்டா போதும், இஸ்திரிகூட வேண்டாம்," என்றேன். கசங்காத பருத்தி உலகத்தில் கிடையாது. அண்ணிக்கு அது தோன்றவில்லை. என்மேல் இருந்த நம்பிக்கை.

அண்ணி தையல் கம்பெனியில் மதிய ஷிப்ட் போகிறவர்கள். எனக்குக் காலை வேலை. அதனால் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை அண்ணனோடு நான் இருப்பது என்று ஏற்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இடது, வலது என்று நேரம் போட்டு நான் அடையாளம் வைக்க வேண்டும். ஒருநாளும் தவறாமல் வைத்தேன். அவனைத்தான் புரட்டவில்லை. பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அண்ணி வருவதற்குக் கால் மணி முன்னால் துடைத்து, விரிப்பை மாற்றிவிடுவேன்.

எங்கள் அப்பா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாக விற்றவர். இரண்டு பேரும் அந்த மூட்டைமேல் படுத்து வளர்ந்தவர்கள். அதை நான் கொஞ்சம் மறந்துபோனேன். மூன்றாவது வாரம் ஒருநாள் அண்ணன் நல்ல கையால் விரிப்பின் ஓரத்தைப் பிடித்தான். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

அன்று அண்ணி வந்ததும் விரிப்பை இழுத்து இழுத்துக் காட்டினான். "து... து..." என்றான்.

"என்னங்க வேணும்? துண்டா?" என்று அண்ணி ஓடிப்போய்த் துண்டு கொண்டுவந்தார்கள். இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடியும் "து" என்றான்.

"தூக்கம் வருதுன்னு சொல்றான் அண்ணி," என்றேன்.

அண்ணி ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, "தூங்குங்க, தூங்குங்க," என்று அவன் தலையைத் தடவினார்கள். அண்ணன் கண் வழியாகத் தண்ணீர் வந்தது. இன்னும் நாலைந்து நாள் முயன்று பார்த்தான். அப்புறம் விட்டுவிட்டான்.

புண் இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில் வந்தது. முதலில் ஒரு சிவப்பு. பிறகு உள்ளங்கை அகலம். கட்டுப்போட வந்த நர்ஸம்மா, "ஒழுங்கா திருப்பிப் போடறீங்களா இல்லையா?" என்று அதட்டினார். அண்ணி சுவரைக் காட்டி, "பாருங்க, எங்க தம்பி ஒரு வேளை விட்டதில்ல," என்றார்கள். நர்ஸம்மா விரிப்பையும் தொட்டார். ஆனால் உறை போட்ட கை. உறை போட்ட கைக்குத் துணி பேசாது.

"என் கவனிப்புலதான் எங்கயோ குறை தம்பி," என்று அண்ணி அழுதார்கள். "அப்படிச் சொல்லாதீங்க, உங்களைவிட யார் பாத்துக்க முடியும்?" என்று நான்தான் தேற்றினேன். நான்காவது மாதம் புண்ணின் விஷம் ரத்தத்தில் கலந்து அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

ஏன் என்று கேட்டீர்கள்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் தன் அப்பாவோடு கடைக்கு வந்தாள். பதினொரு விரிப்பு பிரித்துக் காட்டினேன். பகட்டாக இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, முரட்டு வெள்ளையில் ஒன்றை எடுத்தாள். கடையிலேயே நல்ல துணி அதுதான். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "நான் போய் விசாரிச்சுட்டு வர்றேன்டா," என்றான். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தவன் நான்.

திரும்பி வந்து, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. மூத்தவன் நிக்கும்போது இளையவனுக்கு எப்படின்னு அவங்க வீட்டுல கேக்கறாங்கடா," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுக்கும் அவளுக்கும் நடந்த கல்யாணத்தன்று வாசலில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்று கூப்பிட்டவன் நான்தான். பிறகு நான் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கும் அந்தச் சிரிப்பு ஞாபகம் இருக்கும். சொல்ல வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன் போன இரண்டாம் மாதம், அந்த விரிப்புகளை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறாள். கொடுக்கிறதை மடிப்புக் கலையாமல் கொடுப்போமே என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக வைத்தாள். துணி உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

ஓட்டை விழுந்த விரிப்பைக் கடைக்குக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

"தம்பி, இது காட்டனா?"

துணி விஷயத்தில் அவளிடம் மறுபடி பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்ல," என்றேன்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"ஆமா."

விரிப்பைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். நேராக வெளியே போனாள். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள்: என் அண்ணனை நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, நான்கு மாதம்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. உண்மையிலேயே வெறுப்பு இருந்தால் கத்தியிருக்க மாட்டாளா? கோபம் ஆற நாளாகும்; காத்திருப்பது எனக்குப் புதிதில்லை. கடையில் என் அலமாரியில் ஒரு பொட்டலம் இருக்கிறது. அண்ணன் உடலை எடுத்த மறுநாளே தனியாக எடுத்துவைத்தது. சுத்தமான பருத்தி விரிப்பு, நானே நீவிப் பார்த்தது. அதை அவளிடம் சேர்த்துவிடுங்கள். இரண்டு பேர் படுக்கிற அளவு.