கொக்கியைப் பிடித்துக் கண்மூடி நின்ற தங்கையனாருக்கு

காற்றைக் கட்டியாண்ட கரங்களுக்குரியவரே! கடுஞ்சொல் அறியாத கண்காணிப்பாளரே! எண்பது மீட்டர் உயரத்தில் நின்றும் எவரையும் தாழ்வாகப் பாராத எங்கள் தங்கையன் அண்ணாச்சியே!

ஆரல்வாய்மொழிக் காற்றாலைப் பராமரிப்புப் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து இன்று ஓய்வு பெறும் தங்களை வணங்குகிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்று தங்கள் துணைவியார் ஜெயபாய் அக்காள் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே இனி அவையைப் பார்த்துப் பேசுகிறோம். தாங்கள் ஓரமாக இருந்து கேட்டுக்கொண்டால் போதும்.

அவையோரே! தங்கையனாருக்கு ஒரு பழக்கம் உண்டு. டவரில் ஏறுமுன் குனிந்து, பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை இரு கைகளாலும் பிடித்து, அரை நிமிடம் கண்களை மூடிக்கொள்வார். ஞாயிறுதோறும் சபையில் கணீரென்று வேதம் வாசிக்கிறவர், திங்களன்று வேலைக்கு வந்தால் தம் விசுவாசத்தைப் பற்றி மூச்சு விடமாட்டார். ஒப்பந்தத் தொழிலாளியாய்ச் சேர்ந்த புதிதில், "சாமி சங்கதி பேசுகவனுக்கு இங்க வேல கெடையாது" என்று அன்றைய மேற்பார்வையாளர் போட்ட சத்தம் அவர் நெஞ்சைவிட்டு இறங்கவே இல்லை. இரண்டு பிள்ளைகள், ஒரே சம்பளம். பயந்தார்; ஜெபத்தைக் கொக்கிக்குள் ஒளித்துவைத்தார்.

எங்கள் கூத்தைக் கேளுங்கள்! அதை ஏதோ பெரிய பாதுகாப்புச் சோதனை என்று நாங்கள் நம்பிவிட்டோம். நாங்களும் குனிந்தோம், கொக்கியைப் பிடித்தோம், கண்ணை மூடினோம். நெற்றி நிறையத் திருநீறு பூசிய சிவதாணுவும் மூடினார். புதிதாக வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தோம். தங்கையனார் தம் பெல்ட்டைக் காலையிலேயே அறையில் பார்த்துவிட்டு வருவார் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்களோ எங்கள் பெல்ட்டுகளை ஒருநாளும் சோதித்ததே இல்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதக் காற்றில், தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். வரிசையாகக் கண்மூடி நின்ற எங்களைக் கண்டு அசந்துபோனார். "பிரமாதம்! இத எல்லா சைட்டுக்கும் ரூலா எழுதிடலாம். இதுல என்ன செக் பண்றீங்க?" என்று தங்கையனாரைக் கேட்டார்.

தலையாட்டியிருந்தால் பாராட்டுக் கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னால், வேலைக்குள் மதத்தைக் கொண்டுவந்தார் என்று அவர்மேல் ஒரு புகார்த் தாள் எழுதப்படலாம். ஆனால் தம்மைப் பார்த்து இத்தனை பேர் பெல்ட்டைப் பாராமலே ஏறுகிறார்கள் என்பது அந்த நொடியில்தான் அவருக்கு விளங்கியது. கொக்கியை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இது செக்கிங் இல்ல. நான் கிறிஸ்தவன். ஏறதுக்கு முந்தி கர்த்தர்கிட்ட ஜெபம் பண்ணுவேன். வெளிய சொல்ல பயந்து கொக்கியப் பிடிச்சிட்டு நின்னேன். இதப் பாத்து இவனுவ பெல்ட்டப் பாக்காம ஏறுகானுவ. தப்பு எனக்கதான்."

சிவதாணுதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்பம் பத்து வருசமா நானும் ஜெபமா பண்ணிட்டு நின்னேன்? மொதல்லயே சொல்லியிருந்தா நான் எனக்க முருகனக் கும்பிட்டிருப்பேனே, அண்ணாச்சி!"

அதிகாரியும் சேர்ந்து சிரித்துவிட்டார். எழுதினார் ஒரு விதி: ஏறுமுன் ஒருவர் பெல்ட்டை மற்றவர் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு, விரும்புகிறவர் தத்தம் தெய்வத்தை நினைத்துக்கொள்ளலாம்.

அன்று முதல் தங்கையனார் நிமிர்ந்து நின்று, வாய்விட்டே ஜெபித்தார். கேட்டவர்களுக்குத் தம் விசுவாசத்தைத் தயங்காமல் சொன்னார். கேளாதவர்களைத் தொந்தரவு செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தப்ப மாதந்தோறும் பைக்கைப் 'பஞ்சராக்கிய' எங்கள் குழுவின் ஷிஜின்கூட, "கோயில் ஆராதனையில எனக்கு பாட்டு உண்டு, சனிக்கெழம ரெண்டு ஷிப்டு பாக்கேன்" என்று நேராகக் கேட்கத் துணிந்தார். கிடைத்தது.

அண்ணாச்சியே! இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம், எழுந்துவிடாதீர்கள். நோயில்லா உடலும் குறைவில்லா மனமும் கொண்டு, ஜெயபாய் அக்காளோடும் பேரப்பிள்ளைகளோடும் நூறாண்டைத் தாண்டியும் தாங்கள் நடமாட வேண்டும்!

ஒன்றை மட்டும் தங்களிடம் மறைத்துவிட்டோம். தாங்கள் உண்மையைச் சொன்ன மறுநாள் தங்களுக்கு விடுப்பு. புதிய விதிப்படி அன்றுதான் முதன்முறையாக ஒருவர் பெல்ட்டை ஒருவர் பார்த்தோம். ஒரு கொக்கியின் ஸ்பிரிங் ஒடிந்து, பூட்டாமல் கிடந்தது. தாங்கள் உடைந்துபோவீர்கள் என்று இத்தனை நாள் சொல்லவில்லை.

அந்தக் கொக்கியோடு ஏற நின்றவன்தான் இப்போது தங்கள் முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருக்கிறான், அண்ணாச்சி.

தங்களை மறவாத,
சிவதாணு, ஷிஜின் மற்றும்
காற்றாலைப் பராமரிப்புப் பிரிவு ஊழியர்கள்,
ஆரல்வாய்மொழி.