புள்ளிக்கு நேர் புள்ளி

அந்த வான் ஒன்பது நாட்கள் ஓடியது. சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டக்களப்புக்கும் போய்வந்தது. அதற்குள் ஒரு முறைப்பாடும் வரவில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், சேர். அதில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் றுமானா. பௌதிகவியல் படித்தேன். ஆட்களோடு பேசுவது எனக்கு வராது. ஏறாவூரில் வாப்பாவின் கராஜுக்கு யாராவது வந்தால் குசினிக்குள் போய்விடுவேன். அவர்கள் போன பிறகு வந்து வானுக்குக் கீழே படுப்பேன். வாப்பா அதைத் தடுக்கவில்லை.

இஞ்சினின் சுழற்சியைப் பின்சில்லுகளுக்குக் கொண்டுபோகும் நீண்ட இரும்புத் தண்டுதான் சாப்ட்; அதன் பலன்ஸ் பார்க்க எங்களிடம் மெஷின் கிடையாது. வாப்பா பின்சில்லுகளை உயர்த்தி, இஞ்சினை ஓடவிட்டு, சுற்றும் சாப்டுக்கு அருகே சோக்கட்டியை மெல்லக் கொண்டுபோவார். சோக்குப் படும் பக்கம்தான் பாரம் கூடிய பக்கம். எதிர்ப்பக்கத்தில் எடை வர வேண்டிய இடத்தை நான் கணக்குப் பார்த்துச் சொல்வேன். பெரும்பாலும் முதல் தடவையே நடுக்கம் நின்றுவிடும்.

ஆனால் அதற்கு முன்னால் சாப்ட் சரியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். வாப்பா கழற்றுவதற்கு முன், ஒன்றுக்குள் ஒன்று செருகும் சாப்டின் இரண்டு துண்டிலும் உளியால் ஒவ்வொரு புள்ளி குத்துவார். பூட்டும்போது புள்ளிக்கு நேர் புள்ளி. சாப்டின் இரண்டு முனையிலும் வளைந்து சுற்ற ஒவ்வொரு ஜொயின்ட் இருக்கும்; ஒன்று சாய்ந்து சுற்றும்போது அதன் வேகம் கூடிக் குறையும். மற்ற ஜொயின்ட் அதைச் சரிக்கட்டும். கால்வாசிச் சுற்று மாறிப் பூட்டினால் சரிக்கட்டாது, இரட்டிப்பாக்கும். மெதுவாக ஓடினால் அதிகம் தெரியாது.

எங்கள் ஊரில் வீடு மூத்த மகளுக்கு. மாப்பிள்ளை அங்கேதான் வந்து வாழ்வார். கராஜ் வீட்டின் முன்பக்கம் என்பதால், எனக்கு மூத்த பஹீமா ராத்தாவைக் கட்டிய றமீஸ் மச்சானுக்கு அதுவும் சேர்ந்து போனது. அவர் கெட்டவர் அல்ல. என்னைக் கீழே படுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

"மச்சி, நீ பூட்டின வான் எண்டு தெரிஞ்சா ஆக்கள் சாகப் போற மாதிரி கலிமா சொல்லிட்டுத்தான் ஏறுவாங்க" என்றார்.

ராத்தா சிரித்தா. வாப்பாவும் சிரித்தார்.

எனக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான் தேவைப்பட்டது. மச்சான் பூட்டிய வண்டி ஒன்று நடுங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். வாப்பா கீழே குனிந்து புள்ளிகளைப் பார்க்க வேண்டும். பிறகு என்னைக் கூப்பிடுவார்.

வாப்பாவும் உம்மாவும் மக்காவுக்கு உம்றா செய்யப் போயிருந்தார்கள். ஜிப்ரி காக்காவின் வாடகை வானுக்கு மச்சான் புது ஜொயின்ட் போட்டு, வெள்ளிக்கிழமை முற்பகலில் பூட்டி முடித்தார். பிறகு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அந்த நேரம் எங்கள் தெருவில் ஆண்கள் எவரும் இருப்பதில்லை. ராத்தா அறையில் படுத்திருந்தா; அவவுக்கு ஏழாம் மாதம்.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். புள்ளிக்கு நேர் புள்ளி. அவர் சரியாகத்தான் பூட்டியிருந்தார். அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

பின்பக்கத்து நான்கு போல்ட்டைக் கழற்றினேன். சாப்டை இழுத்து, கால்வாசி திருப்பி, மீண்டும் செருகினேன். நான்கு போல்ட்டையும் சரியான அளவுக்கு இறுக்கினேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் முடிவதற்குள் கை கழுவிவிட்டேன்.

ஜிப்ரி காக்கா ஊருக்குள்ளும் மட்டக்களப்புக்கும்தான், மெதுவாக ஓடுவார். அந்த வேகத்தில் ஆபத்தில்லை என்று கணக்குப் பார்த்திருந்தேன். கணக்குப் பிழைக்கவில்லை.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. புனானை தாண்டிய நேர்ப்பாதையில், மணிக்கு நூறில் போகும்போது, சாப்டை நடுவில் தாங்கும் பெயரிங் வெடித்துச் சாப்ட் றோட்டில் விழுந்து குத்தியது. உள்ளே மூன்று பேர். ஜிப்ரி காக்கா, எங்கள் ஊர் ஸகியா, ஸகியாவின் மகள். கட்டாரிலிருந்து வரும் கணவனைக் கூட்டிவர விமான நிலையம் போனார்கள். அந்தப் பிள்ளை தன் வாப்பாவைப் போனில் மட்டும்தான் கண்டிருந்தது. மூன்று உடலையும் எடுத்த நீங்கள் மற்றதை அறிவீர்கள்.

திங்கட்கிழமை வாப்பா ஸம்ஸம் தண்ணீரோடு வந்து இறங்கினார். நேரே உங்கள் பொலிஸ் வளவுக்கு வந்தார். சாப்டைப் பார்த்தார்; புள்ளிக்கு நேர் புள்ளி இல்லை. வீட்டுக்கு வந்து கை கால் கழுவினார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"நீ பார்த்திருந்தா இப்பிடி ஆகியிருக்காது மகள்."

நான் கேட்க விரும்பிய வசனம் அதுதான்.

ராத்தா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மச்சானை வைத்திருக்கும் சிறைச்சாலைக்குச் சோறு கொண்டுபோகிறா. மச்சான் முதலில், "புள்ளி பார்த்துத்தான் பூட்டினன், அல்லாஹ் அறிய" என்றாராம். நேற்று, "மறந்திட்டன் போல பஹீமா, என்ர கையாலதான் மூணு மௌத்து" என்று அழுதாராம். ராத்தா அதைச் சொன்னபோது நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெட்டி முடித்துவிட்டு இங்கே வந்தேன்.

அவரை விட்டுவிடுங்கள். நான் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒரு முறைப்பாடு வரட்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

இனி அந்தத் திருத்தம். முறைப்பாடு வந்தது, சேர். விபத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை அஸர் தொழுகைக்கு மச்சான் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது, வாசலில் ஹோர்ன் கேட்டது. கேற்றுக்கு அந்தப் பக்கம் ஜிப்ரி காக்கா.

"தங்கச்சி, றமீஸ் இல்லையா? அறுவதுக்கு மேல பிடிச்சா வான் கிடந்து நடுங்குது. விடிய ஸகியாவையும் புள்ளையையும் ஏத்திட்டு கட்டுநாயக்கா எயார்போட்டுக்குப் போகணும். உள்ள விடட்டா?"

மச்சான் பள்ளியால் வந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்து, சரியாகப் பூட்டி அனுப்பிவிடுவார். வாப்பா வருவதோ திங்கட்கிழமை. அவர் பார்க்காத முறைப்பாட்டினால் எனக்கு என்ன பயன்?

வெளியாட்களோடு பேசாத நான், கேற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பேசினேன். "புது ஜொயின்ட் அப்பிடித்தான் காக்கா, ஓட ஓடச் சரிவரும். போயிட்டு வாங்க, மறுகா பார்ப்பம்."