குளிர் அறையில் பதிந்த பாட்டு

பாட்டுப் பதிவதற்கு மீன் குளிர் அறையைப் போல வசதியான இடம் கிடையாது, சேர். தடித்த சுவர், ரெஜிபோம் அட்டை அடைத்த கதவு. கடல் இரைச்சல் உள்ளே வராது. சாய்ந்தமருதில் என் மாமா மூடிப்போட்ட மீன்வாடியைத்தான் நாங்கள் ஸ்டூடியோவாக்கியிருந்தோம். பர்ஹான் பாடுவான், டிலக்சன் கிற்றார், நான் ட்ரம்ஸ். ஒலிப்பதிவும் கழுவித் துடைப்பதும் என் தலையில்.

அவர்கள் இருந்த இருப்பைப் பார்த்திருந்தால் நீங்களும் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பீர்கள். மீன் பெட்டிக்குள் பியர் டின். மிக்ஸர் மேல் கடித்துப்போட்ட கோழி எலும்பு. பர்ஹான் தொய்வு வருத்தக்காரன், அடிக்கடி மூச்சு இழுக்கும். ஒரு இழுப்புக் கஞ்சா, ஒரு இழுப்பு இன்ஹேலர் என்று காலம் தள்ளினான். ஒருநாள் நான் தொழுகிற முசல்லா விரிப்பில் வாந்தியெடுத்து, அதன்மேலேயே குப்புறப் படுத்துக் குறட்டை விட்டான். அதையும் நான்தான் கழுவினேன். நான் சிகரெட் கூடத் தொடாதவன், சேர்.

எங்கள் அல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் மிச்சமிருந்தபோது டிலக்சனும் கோபித்துக்கொண்டான். “இவன வெச்சி அல்பம் ஒண்டும் முடியாது மச்சான். நான் போறன்” என்று காரைதீவுக்குப் போய்விட்டான்.

அன்று பின்னேரமே பர்ஹான் வந்தான். “இண்டைக்கு முடிச்சிருவம், மச்சான்” என்று என் கன்னத்தில் முத்தமிட்டான். அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. அவனைக் குளிர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். உள்பக்கக் கைபிடி எப்போதோ உடைந்துவிட்டது, வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். இன்ஹேலரை மிக்ஸர் மேல் மறந்துவிட்டுப் போயிருந்தான்.

என்னமாய்ப் பாடினான் தெரியுமா. ஒன்றரை வருடமாக நான் கெஞ்சிக் கேட்ட குரல் அன்றுதான் வந்தது. பாதியில் மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஹெட்போனில் எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“இஹ்ஸான், கதவத் திற மச்சான். மூச்செடுக்க ஏலாம இரிக்கி.”

நல்ல பதிவை இடையில் நிறுத்துவது என் வழக்கமில்லை. இன்ஹேலரைக் கையில் எடுத்தேன். அதன் வாயில் அவனுடைய எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தது. அருவருப்பாக இருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். அவசரப்படாமல், மூலை முடுக்கெல்லாம் துடைத்தேன். அவன் கதவைத் தட்டினான். பிறகு காலால் உதைத்தான். பிறகு சத்தமில்லை.

ஓம், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், இன்ஸ்பெக்டர் சேர். நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அவனை நான் வீணாக்கினேனா என்று. அவன் கதவைத் தட்டியது மட்டும் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தியிருந்தது. பதிவில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.