ஸ்பீக்கரில் வந்த மாமா

டாக்குரியா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். பின் பெஞ்சில் இரண்டு பெண்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள். இளையவள், மீட்கப்பட்ட பெண்களைத் தங்கவைக்கும் விடுதியில் வேலை பார்க்கிறாள் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஃபோனை ஸ்பீக்கர்ல போட்டது என் தப்புதான், அக்கா."

"ஏண்டி, என்ன ஆச்சு?"

"விடுதியில இருக்கற ஒரு பொண்ணைப் பக்கத்துல வெச்சுண்டே அவ வீட்டு நம்பருக்கு அடிச்சேன். ஒரு ஆம்பளை எடுத்தான். தன் பேரைச் சொல்லி, 'நான் அவ மாமா, நாளைக்கே வந்து அழைச்சுண்டு போறேன்'னான்."

"நல்லதுதானே?"

"கேஸ் ஃபைல்ல அதே பேர் இருக்கு. வேலை வாங்கித் தரேன்னு கூட்டிண்டு போய் அவளை வித்தவனே அவன்தான்."

"ஐயோ! குரலைக் கேட்டதும் அழுதாளா?"

"இல்லக்கா. எழுந்துபோய், துணியை மடிச்சுப் பையில வைக்க ஆரம்பிச்சுட்டா."