ஆளில்லாப் படகில் ஒரு பிடி அரிசி

“ஹலோ... ஹலோ... கிசுகே மேஸ்திரி வீடுதானே? ... நான் சயோ பேசறேன். ... சயோ! கடல் ஆய்வு நிலையத்துலேருந்து! ... இல்லை, இன்சூரன்ஸ் விக்கல. ... போன வாரம் உங்க கொட்டகைலேருந்து ஆரஞ்சுக் கலர்ல ஒரு படகு இறக்கினோமே, ஆள் இல்லாமப் போகுமே, அந்தச் சயோ. ... ஆமா. ஆமா, ஆமா, ‘பாவம், அநாதைப் படகு’ன்னு சொன்னீங்களே, அதேதான். ... மேஸ்திரி, முதல்ல டி.வி. சத்தத்தைக் குறைங்க. ... சுமோ குஸ்தில யாரு ஜெயிச்சா எனக்கென்ன!”

ஜப்பானில் ஷிக்கோகு தீவின் தென்கோடித் துறைமுகத்தில் படகு கட்டும் கிசுகேயை, கடல் கண்ணுக்கே தெரியாத ஏழாவது மாடி ஒன்றிலிருந்து சயோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் கத்தரிக்கோல். அவள் நெற்றிமுடி இடப்பக்கம் மட்டும் ஒரு விரல் குட்டையாக இருந்தது. படகு இறக்கப் போன இடத்தில் கிசுகேயின் மனைவி தொமியின் முடிவெட்டும் கடையில் வெட்டிக்கொண்ட வெட்டு அது. அதைச் சரிக்கட்டலாம் என்று உட்கார்ந்தவளுக்கு முன்னால், திரையில் வேறொன்று கோணலாகிப் போயிருந்தது.

ஏழாம் எண் என்று அவர்கள் அழைத்த அந்தப் படகு, வெயிலில் கருவிகளை ஓட்டிக்கொண்டு, விறைப்பான சிறகு ஒன்றில் காற்றைப் பிடித்துக்கொண்டு தன்பாட்டுக்குப் போகும். காற்றுக்குக் கடல் எவ்வளவு சூட்டைக் கொடுக்கிறது, அந்தச் சூட்டைத் தின்று புயல் எப்படிக் கொழுக்கிறது என்று அளப்பது அதன் வேலை. ஒரு புயலின் வயிற்றுக்குள்ளேயே அதை அனுப்பிப் பார்க்க சயோ மூன்று வருடம் உழைத்திருந்தாள். பதினான்காம் எண் புயல் எதிரே வந்து நிற்கும்போது, செயற்கைக்கோள் ஒரு திசைக் காற்றைக் காட்டுகிறது, படகு இன்னொரு திசையைக் காட்டுகிறது. இயக்குநர் ஹமாகுச்சி அவள் மேசைக்கே வந்து நின்றுவிட்டார். கருவி பழுதென்றால் படகைத் திருப்பிக் கூப்பிட்டுவிட வேண்டும். கோளாறுக்குக் காரணம் தெரிந்தால் உள்ளே அனுப்பலாம். இந்தப் போனை வைப்பதற்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஹமாகுச்சி வார்த்தையைச் செலவு செய்யாத மனிதர். படகு இறங்கிய அன்று மட்டும் மூன்று முறை போன் செய்து, ‘வைக்க வேண்டியதெல்லாம் வைத்தாயிற்றா’ என்று கேட்டார். மூன்று முறையும் சயோ கருவிகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். மூன்று முறையும் அவர் பெருமூச்சு விட்டுப் போனை வைத்தார்.

“மேஸ்திரி, நேராவே கேக்கறேன். படகு உங்க கொட்டகைல இருந்தப்ப அதை யாராவது தொட்டாங்களா? ... யாரும் தொடல. நல்லது. ... உங்களைத் தவிர யாரும் தொடல. ... நீங்க என்ன செஞ்சீங்க? ... சும்மாத் தடவிக் குடுத்தீங்க. சரி. ... தடவிக் குடுத்துட்டு? ... என்னது? ஆணியா?”

கத்தரிக்கோல் மேசையில் விழுந்தது.

“எத்தனை ஆணி? ... ரெண்டே ரெண்டுன்னா என்ன அர்த்தம்! இரும்பா? ... நல்ல இரும்பு. உங்க கையால அடிச்ச இரும்பு. ரொம்ப சந்தோஷம். எந்த இடத்துல? ... சிறகுத் தண்டுக்கு அடியில. ... மேஸ்திரி, அங்கதானே திசைகாட்டி இருக்கு! பக்கத்துல இரும்பே வரக் கூடாதுன்னுதான் ஒத்தை ஆணி இல்லாம அந்தப் படகைச் செஞ்சோம்! ... ஓ. ஒத்தை ஆணி இல்லாததைப் பாத்துத்தான் உங்களுக்கு மனசு கேக்கல.”

ஹமாகுச்சி திரும்பிப் பார்த்தார். சயோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள்.

“ஒண்ணுமில்லை சார். சின்னதா ஒரு... உலோகப் பாதிப்பு. கணக்குல கழிச்சிரலாம். ... மேஸ்திரி, இருக்கீங்களா? வீட்ல திசைகாட்டி ஏதாவது இருக்கா? ... உங்க அப்பாவோடது. நல்லது, எடுங்க. ... உங்க அப்பா படகு புயல்ல பறந்துபோயித் தபால் ஆபீஸ் கூரைமேல உக்காந்துச்சு. சரி. ... மீன் ஒண்ணுகூடச் சிந்தல. சரி, சரி. ... ஸ்டாம்பு ஒட்டாமக் கீழ இறக்க விடமாட்டேன்னு தபால்காரர் சொல்லிட்டாரு. சரி! மேஸ்திரி, எடுத்தாச்சா? ... அதைத் தரைல வைங்க. அதே மாதிரி ஆணி ரெண்டு எடுத்து, படகுல இருக்கற அதே தூரத்துல, அதே பக்கமா வைங்க. ... முள்ளு நகந்துச்சா? ... எவ்வளவு? ... ‘ஒரு சிட்டிகை’ன்னா அது எந்த ஊரு கணக்கு? சுத்தி நம்பர் போட்டிருக்கும் பாருங்க. ... கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க. ... பன்னெண்டு. நிச்சயமாப் பன்னெண்டு டிகிரியா? ... தொமி அம்மாவும் பாத்துட்டாங்களா? ... வேண்டாம், போனை அவங்ககிட்ட குடுக்க வேண்டாம். நம்பறேன்.”

பன்னிரண்டைக் கழித்ததும் படகு சொன்ன காற்று திரையில் மெல்லத் திரும்பி, செயற்கைக்கோள் சொன்ன காற்றின்மேல் சாதுவாகப் படுத்துக்கொண்டது. சயோவுக்குப் போன மூச்சு வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆராய்ச்சிக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா?

“அந்த ஆணி அலையில ஆடாதே? ஆடுச்சுன்னா இந்தக் கணக்கெல்லாம் போச்சு. ... கோவிச்சுக்காதீங்க. நீங்க அடிச்ச ஆணி ஆடாது. தெரியும். ... படகு போனாலும் ஆணி நிக்கும், சரி, அது எனக்கு எந்த விதத்துல ஆறுதல்னு தெரியல. ... ஆமா, அதை எதுக்குத்தான் அடிச்சீங்க? ... மூடி கழண்டு விழாம இருக்க. ... எந்த மூடி? ... ஓட்டைக்குப் போட்ட மூடி. ... எந்த ஓட்டை!”

கடைசிச் சொல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. ஹமாகுச்சி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“...உயிரா? படகுக்கு ஏது மேஸ்திரி உயிரு? ... இல்லை, நான் நாகானோ மலைக்காரி, எங்க பக்கம் கடலே கிடையாது. சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன். ... ஒவ்வொரு படகுலயும் பாய்மரத்தடியில குழி தோண்டி ஒரு சாமியை வச்சு மூடுவீங்க, அதுதான் படகோட உயிரு. ... அது இல்லாம ஒரு படகும் உங்க கொட்டகையை விட்டு இறங்கினதில்லை. ... ம். ... ஆளும் இல்லாம, சாமியும் இல்லாம, புயலுக்குள்ள எப்படித் தனியா அனுப்பறதுன்னு... புரியுது. புரியுது மேஸ்திரி. இல்லை, கோவமா இல்லை. ... கோவமாத்தான் இருக்கேன், ஆனா புரியுது. உள்ள என்னென்ன வச்சீங்க? மெதுவாச் சொல்லுங்க. ... அரிசி. ஒரு பிடி.”

அவள் போனை மறைத்துக்கொண்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

“சார், ஈரம் உறிஞ்சற பொருள் கொஞ்சம் சேத்திருக்காங்க. படகோட உள்பக்கம் பாலைவனம் மாதிரிக் காய்ஞ்சு கிடக்கேன்னு நேத்து ஆச்சரியப்பட்டீங்களே, அதான். ... சொல்லுங்க மேஸ்திரி. ... காசு. ... படகு சாயாம இருக்க அடிப்பாரம் சார்! ... காகிதத்துல புருஷன் பொண்டாட்டி பொம்மை. ... அது... அது சும்மா, காகிதம் சார். ... பகடை ரெண்டு. ... ஏன், சாமிக்குப் பொழுது போகவா? ... திட்டாதீங்க, கேட்டேன், அவ்வளவுதான். ... அதிர்வு பாக்கற கட்டைங்க சார், ரெண்டு. ... இருங்க மேஸ்திரி, மழைச் சத்தம் கேக்கறதுக்கு வச்ச மைக்குல ஒரு வாரமாக் கீச்சுக் கீச்சுன்னு ஒரு சத்தம். பகடை உருளுதா? ... பகடை இல்லை. ... சாமி பாடுது. ... சந்தோஷமா இருந்தாப் பாடும். ... பயந்தாலும் பாடும். ... அப்ப எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ... படகு கரைக்கு வந்தாச் சந்தோஷம். ரொம்ப நன்றி. வேற என்ன? ... முடி. ... என்ன முடி? ... பொம்பளை முடி. ... சார்! ஈரமானி! மயிரிழைல ஈரம் அளக்கற பழைய முறை! ஈரம் பட்டா முடி நீளும், காய்ஞ்சாச் சுருங்கும்... அந்தக் காலத்து வானிலைக்காரங்க எல்லாரும் அதைத்தான் நம்பினாங்க... ஆமா சார், அதுக்கும் பொம்பளை முடியைத்தான் தேடுவாங்க.”

அவ்வளவு நேரம் அவள் சொன்ன சமாளிப்புகளில், அந்தக் காலத்தில் முடியால் ஈரம் அளந்தார்கள் என்பது ஒன்றுதான் முழுக்க உண்மை. ஹமாகுச்சி இதைத்தான் நம்பாதவர்போல் பார்த்தார்.

“யாரு முடி மேஸ்திரி? ... படகுக்காரியோடது. ... அந்தப் படகுக்கு ஏது படகுக்காரி? ...”

அவள் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. வெட்டி முடித்த பிறகு தொமி அம்மாள் தரையைக் கூட்டாமல், குனிந்து எதையோ பொறுக்கிக் காகிதத்தில் மடித்தது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேக்காம! ... கேட்டாத் தந்திருக்க மாட்டேன்தான், அதுக்காக! ... முன்னால தொங்கற முடியைத்தான் வெட்டணும்னு எந்தச் சாமி கேட்டுச்சு? பின்னால இத்தனை இருக்கே! ... பின்னால வெட்டினாக் கண்டுபிடிச்சிருவேனா? முன்னால வெட்டினாத்தானே மேஸ்திரி கண்ணாடில தெரியும்! ... தொமி அம்மா கைவேலை அப்படித்தான் இருக்கும்னு நினைச்சுக்குவேன்னு விட்டுட்டீங்களா? ... அவங்களும் அதே அறையிலயா இருக்காங்க? ... மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க.”

ஹமாகுச்சி தொண்டையைச் செருமினார். சயோ அவரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். புயல் இன்னும் ஒரு கட்டம் கிட்டே வந்திருந்தது. இனிப் புழுகவும் அவளிடம் சரக்கு இல்லை.

“சார்... அது ஈரமானி இல்லை சார். அடிப்பாரமும் இல்லை. ... அந்த ஊர்க்காரங்க படகுக்குள்ள ஒரு உயிர் வச்சுட்டாங்க. எனக்குத் தெரியாம. ... அரிசி, பகடை, என் முடி. ... கருவியெல்லாம் நல்லா இருக்கு சார், ஆணியைக் கழிச்சாச்சு. ஆனா அனுமதி இல்லாத பொருளை உள்ள வச்சுட்டு அனுப்ப முடியாது, திருப்பிக் கூப்பிடுன்னு நீங்க சொன்னா... ... என்ன சார்? ... அவர்கிட்டயா? ... கேக்கறேன். ... மேஸ்திரி, எங்க சார் கேக்கறார்... பகடையில ஒத்தைப் புள்ளி வானத்தைப் பாத்து இருக்கா, ஆறு தரையைப் பாத்து இருக்கான்னு. ... இருக்காம் சார். ... ம்... திட்டறார் சார். ‘வேற எப்படி வைப்பாங்க, கேக்கறவன் எந்த மடையன்’னு. ... மேஸ்திரி, அது எங்க இயக்குநர்! ... சார், சிரிக்கறீங்களா? ... உங்களுக்கு எப்படி சார் இதெல்லாம்... ... உங்கப்பா சூரைமீன் படகுல போனவரா? ... அப்ப அன்னைக்கு மூணு தடவை போன் பண்ணி, வைக்க வேண்டியதெல்லாம் வச்சாச்சான்னு கேட்டது... ... சாமி வச்சாச்சான்னு நேராவே கேட்டிருக்கலாமே சார்! ... ஆமா. இயக்குநர் அப்படிக் கேட்டா நல்லா இருக்காதுதான்.”

ஹமாகுச்சி எழுந்தார். அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டித் படகை உள்ளே அனுப்பும் விசையைத் தன் விரலாலேயே அழுத்தினார். எங்கோ தெற்கே, ஏழாம் எண் படகு புயலின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மைக்கில் கீச்சென்றது. காற்று வந்து அதை அமுக்கிற்று. கொஞ்ச நேரம் காற்று மட்டும்தான் கேட்டது. பிறகு மறுபடியும் கீச்சு.

“மேஸ்திரி... போகுது. உள்ள போகுது. ... இருங்க, ஸ்பீக்கர்கிட்ட பிடிக்கறேன். கேக்குதா? ... சந்தோஷமா, பயமான்னு தெரியலையா? ... ம். ... ம். எனக்கும் அப்படித்தான் இருக்கு. ... என்ன? இன்னும் ஒண்ணு பாக்கியா? ... முடி குடுத்தவ, படகு திரும்பி வர்ற வரைக்கும் தலையில கத்தரி படவிடக் கூடாது. ... மேஸ்திரி, அது திரும்பி வர மூணு மாசம் ஆகும்! அதுவரைக்கும் இதே கோலத்துலயா! ... நான் இதையெல்லாம் நம்பறவ இல்லை. ... நான் டாக்டர் பட்டம் வாங்கினவ, என்னைப் பாப்பான்னு கூப்பிடாதீங்க! ... டி.வி.ல கடைசிக் குஸ்தியா? வந்துட்டாங்களா? இருங்க, ஒரு நிமிஷம், வெட்டினா என்ன ஆகும்னு மட்டும்... ஹலோ? மேஸ்திரி? ... ஹலோ?”

சயோ போனை வைத்தாள். கத்தரிக்கோல் வாயைத் திறந்தபடி மேசைமேல் கிடந்தது. ஹமாகுச்சி அதையும் அவள் நெற்றியையும் மாறிமாறிப் பார்த்தார். அவள் அதை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டி, சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.