நாலு மூஞ்சிப் பெட்டி

ஐய, அத எதுக்கு தம்பி கழட்டறீங்க? நல்லாத்தானே வேலை செய்யுது. ஓ, டேட்டா வரச் சொன்னாரா? டேட்டான்னா எங்க சூப்பர்வைசர். அவருக்கு அப்பா அம்மா வச்ச பேரு வேற இருக்கு. வாயத் தொறந்தா டேட்டா டேட்டாங்கறதால சுத்தம் பண்றவங்க நாங்க எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறது. அவர் காதுபட இல்ல. சரி, நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் இந்தப் பக்கம் மாப் போடறேன். லேடீஸ் பாத்ரூமாச்சேன்னு கூச்சப்படாதீங்க, வெளிய போர்டு வச்சுட்டேன், ஒருத்தரும் வரமாட்டாங்க. அந்த ஸ்டூல் வேணும்னா இழுத்துப் போட்டுக்கோங்க.

இத மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. நாலு மூஞ்சி. பல்லக் காட்டற பச்சை, லேசா சிரிக்கற பச்சை, உம்முன்னு ஒரு மஞ்சள், அழுமூஞ்சி சிவப்பு. வெளிய போறவங்க பாத்ரூம் எவ்ளோ சுத்தம்னு ஏதோ ஒண்ணத் தட்டிட்டுப் போகணுமாம். கழுவறவ நான் இங்கயே குத்துக்கல்லு மாதிரி நிக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வராது, பெட்டியத் தட்ட மட்டும் கை நீளும். முன்னாடி இந்தக் கதவுக்குப் பின்னாடி ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு தரம் கழுவிட்டுக் கையெழுத்துப் போடணும். காலைல வந்ததுமே நாள் பூராவுக்கும் சேத்துப் போட்டு முடிச்சுடுவோம், அது வேற கதை. அதுவும் பொய்தான், இல்லேங்கல. ஆனா அந்தத் தாள் யார் பொழப்புலயும் கை வைக்கல.

இப்ப எதுக்குத்தான் மார்க்கு கேக்கல சொல்லுங்க? என் அண்ணன் போன வாரம் பல்லு பிடுங்கப் போனாரு. வாயில பஞ்சோட வெளிய வந்து செருப்பக்கூட மாட்டல, போன்ல வந்துடுச்சு, எங்களிடம் உங்கள் அனுபவம் எப்படின்னு. ரத்தம் ஒழுகுது, இவரு நின்னு நட்சத்திரம் குத்திட்டிருக்காரு. பார்சல் கொண்டு வர்றவன் மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிட்டு, அஞ்சு ஸ்டார் போடுங்கக்கான்னு கெஞ்சறான். பெரிய மனுஷன் தம்பி, தலை நரைச்சவன். அவனப் போயி ஒரு பட்டன் முன்னாடி பிச்சை எடுக்க விட்டிருக்கானுங்க. இதுக்குப் பேரு முன்னேற்றம்.

இந்த மாடி பூரா கம்ப்யூட்டர் ஆளுங்க. கழுத்துல ஒரு அட்டை. அத எடுத்துட்டா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாது போல, பாத்ரூமுக்கும் மாட்டிக்கிட்டே வருவாங்க. ஒரு அம்மா மீட்டிங் பேசிக்கிட்டே மூணாவது டாய்லெட்டுக்குள்ள போகும். நான் வாளிய நகத்துனா உள்ளேருந்து உஷ்ஷுங்கும். அடுத்த வருஷம் உலகத்தையே மாத்திடப் போறோம்னு உள்ள உக்காந்து பேசிட்டிருக்கு. மொதல்ல தண்ணிய ஊத்தும்மா, அப்புறம் உலகத்த மாத்தலாம்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். இன்னொரு பொண்ணு, மேனேஜர் திட்டுனா நேரா இங்கதான் ஓடி வரும் அழ. பாவமேன்னு டிஷ்யூ குடுத்து, முதுகத் தடவிக் குடுத்து, மூஞ்சி கழுவ வச்சேன். எல்லாம் ஆச்சு, போற போக்குல சிவப்புல ஓங்கி ஒரு அடி. என்னம்மா இதுன்னா, ஸாரி ஆன்ட்டி, உங்கள இல்ல, ஆபீஸத்தான்னு சொல்லுது. ஆபீஸுக்கு வலிச்சிருக்கும் பாருங்க!

இந்தக் குழாயப் பாத்தீங்களா? திருகு கிடையாது. கைய நீட்டுனா தானா தண்ணி வரணும். வராது. படிச்ச பொம்பளைங்க அது முன்னாடி கைய இப்படியும் அப்படியும் ஆட்டிட்டு நிப்பாங்க, பாக்க வேடிக்கையா இருக்கும். லைட்டும் அப்படித்தான். ஆள் அசைஞ்சாத்தான் எரியும். நான் மண்டி போட்டு வாஷ்பேசினுக்கு அடியில தேச்சிட்டிருந்தா பட்டுன்னு அணைஞ்சுடும். அதுக்கு நான் ஆளே இல்ல. எந்திரிச்சுக் கைய வீசி, ஐயா சாமி நான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்னு காட்டணும்.

என்ன கேட்டீங்க? சிவப்பு மட்டும் ஏன் இப்படித் தேஞ்சு குழி விழுந்திருக்குன்னா? நான் என்னத்தக் கண்டேன். அவளுங்க அடிக்கற அடியில தேயாம என்ன செய்யும்? நீங்க புதுசு மாட்டிட்டுப் போங்க, அவ்ளோதானே.

அண்ணி இருந்தவரைக்கும் பச்சைதான் தேஞ்சுது. அண்ணின்னா என் கூடப்பொறந்த அண்ணன் சம்சாரம். இதே மாடிதான், ஒம்பது வருஷம். காலைல ஆறுலேருந்து ஒண்ணு வரைக்கும் அவங்க, ஒண்ணுலேருந்து எட்டு நான். எனக்கு இந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவங்கதான். கட்டினவன் விட்டுட்டுப் போனப்புறம் ஒரு துணிப்பையோட அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். கூடப்பொறந்தவரு நிலைப்படியப் புடிச்சுக்கிட்டு யோசிக்கறாரு. அவங்கதான் வந்து பையக் கையிலேருந்து வாங்கி உள்ள வச்சாங்க.

அண்ணி ஒரு அசடு தம்பி, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பேசின்ல ஒரு முடி ஒட்டியிருந்தா நகத்தால கிள்ளி எடுப்பாங்க. வர்றவ போறவ எல்லாரையும், சாப்டியாம்மா, ஏன் முகம் வாடியிருக்குன்னு விசாரிப்பாங்க. அதுக்கே பச்சை பச்சையா விழும். எனக்கு அந்த இளிப்பெல்லாம் வராது. வேலை சுத்தமா இருக்கும், மூஞ்சி இப்படித்தான் இருக்கும். நான் வாங்கறது பாதி மஞ்சள்.

அப்புறம் ஒரு நாள் டேட்டா வந்தாரு. எங்க ரெண்டு பேரையும் இதோ இந்தக் கண்ணாடி முன்னாடி நிக்க வச்சாரு. இனிமே இந்த மாடிக்கு ஒரு ஆள் போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்களாம். யாருன்னு நான் சொல்லமாட்டேன், பெட்டி சொல்லும், ஒரு மாசம் பாப்போம்னாரு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு, அந்தப் பல்லக் காட்டற பச்சை மாதிரியே. அண்ணி என்னப் பாத்து, நீ பயப்படாத, உன்ன யாரு அனுப்புவாங்கன்னாங்க. அவங்களுக்கு விழற பச்சை தெரியும், எனக்கு விழற மஞ்சளும் தெரியும், அப்படியும் அதச் சொன்னாங்க. அன்னிக்கு எனக்கு அது பிடிக்கவே இல்ல. ஜெயிக்கப் போறவங்க தோத்தவளுக்குச் சொல்ற ஆறுதல் மாதிரி எரிஞ்சுது.

அந்த மாசந்தான் அவங்க ஷிஃப்ட்ல சிவப்பு விழ ஆரம்பிச்சுது. ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது. டேட்டா எச்சரிக்கைன்னு மூணு தாள் குடுத்தாரு, ஒவ்வொண்ணுலயும் கையெழுத்து வாங்கிக்கிட்டு. எங்க தப்புன்னு காட்டுங்க சார், திருத்திக்கறேன்னு அண்ணி அவர் பின்னாடியே ஓடினாங்க. எந்த மூலைன்னு மட்டும் சொல்லுங்க சார்னு. அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா, டேட்டா பொய் சொல்லாதுன்னுட்டாரு. வந்து எட்டிப் பாத்தாரான்னு கேளுங்க. கதவு வரைக்கும்கூட வரல. ஒம்பது வருஷம் இங்க குனிஞ்சு தேச்சவள ஒரு பெட்டி பேச்சக் கேட்டு அனுப்பிட்டாங்க.

நாலு மாசம் ஆச்சு. வீட்ல அண்ணி பாத்ரூம ஒரு நாளைக்கு மூணு தடவை கழுவறாங்க. கழுவிட்டு என்னக் கூப்பிட்டு, அந்த மூலைல ஏதாவது வாடை வருதா பாருன்னு நிக்க வைக்கறாங்க. வரல அண்ணின்னா நம்பறதில்ல. எனக்குத் தட்டு வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் மோந்து பாக்கறாங்க தம்பி. உங்க கைல என்ன இருக்கு, சும்மா இருங்கன்னா, நாப்பது பேர் பொய்யா சொல்வாங்கங்கறாங்க. யாரையும் குத்தம் சொல்லல. டேட்டாவக்கூட இல்ல. தன் கையத்தான்.

இப்ப ரெண்டு ஷிஃப்டும் நான்தான். காலைல வந்தா ராத்திரி எட்டு. முதுகு விட்டுப்போச்சு. அதுல பாருங்க வேடிக்கைய, ஒரு மாசமா என் பேர்லயும் சிவப்பா விழுது. தினம் நாப்பதுக்குக் குறையாம. சரி, நமக்கும் மூணு தாள் வரும்னு பாத்தா, வரவே இல்ல. நானே டேட்டாகிட்டப் போயி, என்ன சார், எனக்குத் தாள் இல்லையான்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கறாரு. போம்மா, உன் வேலை எனக்குத் தெரியாதா, பெட்டி கெட்டுப்போச்சு, ஆள வரச் சொல்லியிருக்கேன்னாரு. பாத்தீங்களா நியாயத்த? ரெண்டு பேர்ல ஒருத்தர அனுப்பணும்னப்ப பெட்டி சொல்றது வேதவாக்கு. இருக்கறது ஒருத்திதான், அவளும் போயிட்டா யார் கழுவறதுன்னு வந்ததும் பெட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சு. இவங்க நாக்குக்கெல்லாம் நரம்பே கிடையாது.

என்ன அப்படியே உக்காந்துட்டீங்க? உங்க லேப்டாப்ல என்ன காட்டுது? எல்லாம் ஒரே நிமிஷத்துலயா? ம். நாப்பது பேர் ஒரே நிமிஷத்துல இந்தக் கதவு வழியா எப்படி வெளிய போயிருப்பாங்கன்னு கேக்கறீங்க. கேட்டீங்களே, நல்லா இருப்பீங்க. இத அன்னிக்கு ஒரு ஆள் கேட்டிருக்கக் கூடாதா? டேட்டாவுக்கு எண்ணிக்கை பாக்கத் தெரிஞ்சுது, மணி பாக்கத் தெரியல.

அதுல பழசும் இருக்குமா? அண்ணி இருந்த மாசம்? அப்படின்னா தேடிட்டு இருக்காதீங்க, பன்னெண்டே முக்காலுக்குப் போங்க. எந்த நாள் வேணா எடுங்க, அந்த நேரத்துலதான் இருக்கும். அண்ணி அழுக்குத் தண்ணியக் கொட்டப் பின்பக்கம் போற நேரம் அது. போயிட்டுத் திரும்பி வர ரெண்டு நிமிஷம் ஆகும். இருக்கா? நாப்பதும் ஒரே சீரா, டக்கு டக்குன்னு?

எனக்கு எப்படித் தெரியும்னா, நான் ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் முன்னாடியே வந்து, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்லதானே உக்காருவேன். நடந்து வந்திருக்கேன்னு எனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்துட்டுத்தான் அவங்க வாளியத் தூக்குவாங்க. அந்தத் தம்ளரக் கீழ வச்சுட்டு எந்திரிப்பேன். அவங்களுக்குப் புருஷன் இருக்காரு, வீடு இருக்கு, வேலை போனா என்ன, எனக்கு இந்த மாப்ப விட்டா அந்த வீட்ல என்ன மரியாதைன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு விரல் வேலைதானே.

இந்த மாசம் என் பேர்ல தட்டறதும் இதே விரல்தான். அவங்க வாங்கின தாள் எனக்கும் வந்தா, அதக் கொண்டு போய்க் காட்டி, பாருங்க அண்ணி, பெட்டி எல்லாருக்கும் இப்படித்தான்னு சொல்லிடலாம்னு ஒரு கோழைத்தனம். வாயால சொல்ல எத்தனையோ தடவை போனேன். அவங்க கைய மோந்துட்டுத் தட்ட நீட்டுவாங்க. குனிஞ்சு சாப்பிட்டுட்டு எந்திரிச்சுடுவேன். என்னக் காறித் துப்பணும், தெரியும். இத்தன நேரம் ஊரையே திட்டினேனே, அந்தக் கண்ணாடியில நிக்கறவள ஒரு வார்த்தை சொன்னேனா?

பரிதாபமாப் பாக்காதீங்க, பிடிக்கல. ரிப்போர்ட் எழுதுவீங்கல்ல? பெட்டி நல்லா இருக்கு, கெட்டுப்போகலன்னு எழுதுங்க. அன்னிக்கும் இன்னிக்கும் தட்டினது ஒரே ஆளுன்னு, தேதி மணியோட எழுதுங்க. பேர் போடணும்னா போடுங்க, என் அட்டையில இருக்கு பாருங்க, எழுத்துப் பிசகாம. டேட்டாவுக்கு நீங்க எப்படி அனுப்புவீங்களோ அனுப்பிக்கோங்க, வேலைய விட்டு அனுப்பினா அனுப்பட்டும். எனக்கு ஒரு காப்பி மட்டும் கையால எழுதிக் குடுத்துடுங்க தம்பி. கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க. அண்ணி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க.